டேனியின் அப்பா நல்ல அப்பாதானா?

இரவுவாசிப்பு

என் மகனுக்கு ஒன்பது வயது. ரோல்ட் டால் 1975இல் எழுதிய ‘டேனி த சாம்பியன் ஆஃப் த வேர்ல்ட்’ நாவலை ராத்திரி ஓர் அத்தியாயம் என்று அவனுக்கு வாசித்துக் காட்டுகிறேன். பக்கத்தை ஆங்கிலத்தில் பார்த்துக்கொண்டு, வாயால் தமிழில் சொல்லிக்கொண்டே போவதுதான் எங்கள் வழக்கம்.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம். இங்கிலாந்தில் ஒரு கிராமத்துச் சாலையோரம் சின்ன பெட்ரோல் பங்க். அதன் பின்னால் பழைய ஜிப்ஸி வண்டி ஒன்று, ஒரே அறை. அதில் டேனியும் அவன் அப்பா வில்லியமும் இருக்கிறார்கள். டேனிக்கு நாலு மாதம் ஆகும்போதே அம்மா இறந்துவிட்டாள். குளிப்பாட்டுவது, சமைப்பது, கதை சொல்வது எல்லாமே அப்பாதான். பட்டம் செய்து தருவார், காகிதத்தில் நெருப்பு பலூன் செய்து ராத்திரியில் பறக்க விடுவார், கார் எஞ்சினைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொடுப்பார். எந்தப் பையனுக்கும் ஆசை வரும்.

அப்புறம் ஒரு நாள் நடுராத்திரி டேனி விழித்துப் பார்த்தால் அப்பாவின் படுக்கை காலி. மகன் தூங்கிய பிறகு சொல்லாமல் கிளம்பி, விக்டர் ஹேசல் என்ற பணக்காரரின் காட்டுக்குள் ஃபெசன்ட் பறவை திருடப் போயிருக்கிறார். திரும்பி வந்ததும் மகனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார்.

நேற்று அந்த இடம் வரைக்கும் வந்தோம். என் பையன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “போறதுக்கு முன்னாடியே எழுப்பிச் சொல்லியிருக்கலாம்ல?” என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. நேரமாச்சு என்று விளக்கை அணைத்துவிட்டேன்.

இந்த நாவலை எல்லோரும் ‘உலகத்திலேயே அருமையான அப்பா’ பற்றிய கதை என்கிறார்கள். இந்த இழையைப் படிக்கிற உங்களுக்கும் அப்படித்தான் தோன்றியதா?

பெருவிரல்

பத்து வயதில் ஒரு தடவை, முப்பத்தெட்டு வயதில் ஒரு தடவை படித்தேன். அது இரண்டு வேறு புத்தகம்.

பத்து வயதில் எனக்கு அந்தக் கார்தான் எல்லாம். (முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், உங்கள் பையன் இன்னும் அங்கே வரவில்லை.) இன்னொரு ராத்திரி, இந்தத் தடவை சொல்லிவிட்டுத்தான், அப்பா காட்டுக்குப் போகிறார். டேனி விழிக்கும்போது மணி இரண்டு பத்து. அப்பா வரவில்லை. பட்டறையில் ரிப்பேருக்கு வந்த பேபி ஆஸ்டின் கார் ஒன்று நிற்கிறது. ஒன்பது வயசுப் பையன், ரோட்டில் ஒரு நாளும் கார் ஓட்டாதவன், சீட்டின் நுனியில் உட்கார்ந்தால்தான் பெடலில் கால் எட்டும். கியரைத் தட்டுத் தடுமாறிப் போட்டு, இருட்டில் கிளம்புகிறான். எதிரே போலீஸ் கார் வருகிறது, கடந்து போகிறது, சந்தேகப்பட்டுத் திரும்புகிறது. டேனி வேலியில் ஓர் இடைவெளியைப் பார்த்து உள்ளே நுழைத்து, விளக்கை அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பக்கத்தைப் படித்தபோது நானும் போர்வைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன்.

முப்பத்தெட்டில் அதே பக்கம் வந்தபோது டேனியோடு காரில் ஏற என்னால் முடியவில்லை. என் மனசு நேரே காட்டுக்குள் போய்விட்டது. காவலாட்கள் வெட்டி வைத்த குழியில் கணுக்கால் உடைந்து கிடக்கும் அந்த மனுஷனிடம். அவருக்கு வலியைவிடப் பெரிய வேதனை, மகன் தனியாக விழித்துக்கொள்வானே என்பதாகத்தான் இருந்திருக்கும். கதை முழுக்க டேனியின் வாயால் வருவதால் இது எங்கேயும் எழுதப்படவில்லை. அப்பாவான பிறகு எனக்குத் தானாகவே கேட்டது.

ஆகவே, ஆம், எனக்கு அவர் அருமையான அப்பாதான்.

கறார்வாசகி

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கதை நன்றாக இருக்கிறது என்பதற்காக அப்பாவும் நல்லவராகிவிட மாட்டார்.

அந்தப் பிள்ளைக்கு உலகத்தில் வேறு ஆளே இல்லை. அம்மா இல்லை. பாட்டி, அத்தை, சித்தி என்று யாரும் கதைக்குள் வருவதில்லை. அந்த ஒரே ஆள், துப்பாக்கி வைத்துக்கொண்டு காவலாட்கள் திரியும் காட்டுக்குள் ராத்திரியில் போகிறார். பசிக்காகவா? கிடையாது. அந்தப் பரபரப்பு தனக்குப் பிடித்திருக்கிறது என்று அவரே சொல்கிறார். அன்றைக்குக் குண்டு பட்டிருந்தால்? கைது செய்திருந்தால்? வண்டிக்குள் மண்ணெண்ணெய் விளக்கும் விறகு அடுப்புமாக ஒரு குழந்தை தனியாகத் தூங்குகிறது.

இன்னொன்று. தூக்க மாத்திரை. டேனி ஒரு யோசனை சொல்கிறான்: உலர்திராட்சைக்குள் தூக்க மருந்தை வைத்துத் தைத்துப் பறவைகளுக்குப் போடலாம் என்று. அப்பாவும் மகனும் உட்கார்ந்து ஐம்பது மாத்திரையைப் பிரித்து இருநூறு திராட்சையில் அடைக்கிறார்கள். மாத்திரை என்பது விளையாட்டுச் சாமான் இல்லை என்று குழந்தைகளுக்கு எத்தனை தடவை சொல்கிறோம்? இந்த அத்தியாயத்தை வாசிக்கும்போது பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். தனியாகக் கொடுத்துவிட்டுப் போகிற புத்தகம் இல்லை இது.

உங்கள் மகன் கேட்டது சரியான கேள்வி. “ஆமாம்டா, சொல்லியிருக்கலாம்” என்றே பதில் சொல்லுங்கள், தோழி.

வேலியோரம்

கறார்வாசகி சொன்ன ஆபத்து உண்மைதான். ஆனால் ‘திருட்டு’ என்ற சொல்லோடு நிறுத்திவிட்டால் கதையின் பாதி மண் நம் கைக்கு வராது.

இங்கிலாந்தில் கள்ள வேட்டைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1671ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டுக்கு 100 பவுன் வருமானம் தரும் சொந்த நிலம் போன்ற தகுதி உள்ளவர்கள் மட்டும்தான் வேட்டையாடலாம். அந்தத் தகுதி முறை 1831இல்தான் ஒழிந்தது. 1828இன் இரவு வேட்டைச் சட்டப்படி மூன்றாவது தடவை பிடிபட்டவனைக் கடல் கடந்து ஏழு ஆண்டுக்கு நாடு கடத்தலாம். காட்டுக்குள் ஆளைப் பிடிக்கும் இரும்புப் பொறியும், கம்பியில் கால் பட்டால் வெடிக்கிற துப்பாக்கியும் வைக்கிற வழக்கம் இருந்தது. 1827இல்தான் அதைத் தடை செய்தார்கள். டேனியின் அப்பா விழுந்த குழியை நான் அந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

டேனியின் தாத்தாவும் இதே வேலை பார்த்தவர். ராத்திரி வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொள்வாராம், பாட்டி அவர் பின்புறத்தில் ஏறிய ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பாளாம். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கிற இடம். பசித்த குடும்பத்தின் கதையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஹேசல் யார் என்றும் பார்க்க வேண்டும். பீர் ஆலை வைத்துப் பணம் சேர்த்தவர். ஃபெசன்ட்டுகளை வளர்ப்பதே அக்டோபர் 1இல் பெரிய மனிதர்களை அழைத்துச் சுட்டுக் காட்டி, அவர்களோடு சமமாக நிற்பதற்குத்தான். பெட்ரோல் போட வந்த இடத்தில் டேனியைப் பார்த்து, அழுக்குக் கையைக் காரில் வைக்காதே என்று மிரட்டுகிறார். அப்பா பெட்ரோல் போட மறுத்துவிடுகிறார். அதற்கப்புறம் அதிகாரிகள் ஒருவர் மாற்றி ஒருவராகச் சோதனைக்கு வருகிறார்கள்: வண்டி குடியிருக்கத் தகுந்ததா, விற்கிற பெட்ரோல் சுத்தமா என்று. இதையெல்லாம் பார்த்து வளர்கிற பையனுக்கு எது நியாயம், எது சட்டம் என்ற வித்தியாசம் தானாகவே புரிந்துவிடும். ஒன்பது வயசு அதற்குச் சின்ன வயசு இல்லை என்பது என் எண்ணம்.

கறார்வாசகி

வரலாறு எனக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. 1828இல் பசித்தவன் முயல் பிடித்ததற்கும், பெட்ரோல் பங்க் நடத்துகிறவர் பரபரப்புக்காகப் போவதற்கும் நடுவே தூரம் இருக்கிறது. தாத்தாவின் பசியை வைத்துப் பேரனின் அப்பாவை மன்னிக்க முடியாது.

மழைக்காகிதம்

நான் டாலின் வாழ்க்கையிலிருந்து ஒன்றிரண்டு விஷயம் சொல்கிறேன். நாவலை நான் படிக்கிற விதத்தையே அது மாற்றியது.

டால் பிறந்தது 1916. அவருக்கு மூன்று வயதாக இருக்கும்போது, 1920இல், ஏழு வயது அக்கா குடல்வால் நோயில் இறந்தாள். சில வாரங்களிலேயே அப்பாவும் போய்விட்டார். வளர்த்தது அம்மா. அதாவது, குழந்தைகள் இலக்கியத்தில் பலரும் கொண்டாடுகிற இந்த அப்பாவை எழுதினவருக்கு, அப்பாவோடு வளரக் கொடுத்து வைக்கவில்லை.

இன்னொரு பக்கம், அவரே எப்படிப்பட்ட அப்பா என்று பாருங்கள். 1960இல் நியூயார்க்கில், தள்ளுவண்டியில் இருந்த அவருடைய நாலு மாதக் குழந்தை தியோவை டாக்ஸி ஒன்று மோதியது. மூளையில் நீர் கோத்துக்கொண்டது. அதை வடிக்கப் பொருத்திய குழாயின் வால்வு அடிக்கடி அடைத்துக்கொண்டது. டால் சும்மா இருக்கவில்லை. பொம்மை விமானங்களுக்குச் சின்ன பம்புகள் செய்துகொண்டிருந்த ஸ்டான்லி வேட் என்ற பொறியாளரையும், கென்னத் டில் என்ற மூளை அறுவை மருத்துவரையும் சேர்த்து அடைக்காத வால்வு ஒன்றை உருவாக்கினார். வேட் டால் டில் வால்வு என்று அதற்குப் பெயர். அது தயாராவதற்குள் தியோவே தேறிவிட்டான், அவனுக்கு அது தேவைப்படவில்லை. ஆயிரக்கணக்கான மற்றக் குழந்தைகளுக்குப் பயன்பட்டது.

இது தெரிந்த பிறகு நாவலில் இரண்டு இடங்களைச் சாதாரணமாகக் கடக்க என்னால் முடிவதில்லை. ஒன்று, டேனிக்கும் நாலு மாதத்தில்தான் இழப்பு வருகிறது. இரண்டு, பாதிரியார் மனைவி தள்ளிக்கொண்டு வரும் குழந்தை வண்டி. குழந்தைக்கு அடியில் பறவைகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள். மருந்து தெளிந்து அவை ஒவ்வொன்றாகச் சிறகடித்து வெளியே பறக்க, அவள் பதறியடித்து ஓடி வருகிறாள், குழந்தை வீறிடுகிறது. அவர் அதை நினைத்துத்தான் எழுதினார் என்று சொல்ல வரவில்லை. எனக்கு அங்கே சிரிப்பும் பயமும் ஒன்றாக வருகிறது, அவ்வளவுதான்.

பழையபக்கம்

தள்ளுவண்டிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அந்த வண்டி 1975க்கு முன்பே வந்துவிட்டது. 1959இல் நியூயார்க்கர் இதழில் டால் எழுதிய பெரியவர்களுக்கான சிறுகதை ஒன்றுதான் இந்த நாவலின் விதை. அதில் அப்பாவும் இல்லை, மகனும் இல்லை. பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் இரண்டு ஆண்கள், அதே காடு, அதே திராட்சை, அதே தூக்க மருந்து. கெட்டிக்காரத்தனமான கதை. ஆனால் படித்து முடித்தால் ஒரு புன்னகையோடு மூடி வைத்துவிடுவோம்.

அதே சம்பவத்தை அப்பா மகன் கையில் கொடுத்ததும் நடந்த மாற்றத்தைப் பாருங்கள். சிறுகதையில் யோசனை ஒரு பெரிய மனுஷனுக்கு வருகிறது. நாவலில் மகனுக்கு வருகிறது, அப்பா அதைக் கேட்டு அசந்து நிற்கிறார். தன் அப்பாவுக்கும் தனக்கும் தோன்றாதது இந்தப் பயலுக்குத் தோன்றியதே என்று. அந்தப் பூரிப்பு சிறுகதையில் கிடையாது, இருக்கவும் முடியாது.

இன்னொரு தகவல். அப்பா ராத்திரியில் டேனிக்குச் சொல்லும் கதைகளில் ஒன்று, தூங்கும் குழந்தைகளின் அறைக்குள் குழல் வழியாகக் கனவுகளை ஊதிவிடும் ஒரு நல்ல ராட்சதனுடையது. ஏழு வருஷம் கழித்து, 1982இல், டால் அவனுக்கென்றே தனி நாவல் எழுதினார். உங்கள் பையனுக்கு அடுத்த புத்தகம் தயார்.

குடைநிழல்

எல்லோரும் எழுதுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். நான் கொஞ்சம் வேறு மாதிரி.

இந்தப் புத்தகத்தைப் பன்னிரண்டு வயதில் பாதியில் மூடிவிட்டேன். என் அப்பா கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, திட்டினதும் குறைவு. பேச்சே குறைவு. பட்டம், பலூன், மர வீடு எதுவும் கிடையாது. டேனியின் அப்பாவைப் படிக்கப் படிக்க எனக்கு என் அப்பா மேல் கோபம் வந்தது. அதுவரைக்கும் இல்லாத கோபம். நாவலின் முடிவில் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி இருக்கிறதே, நீங்கள் பெரியவர்களாகிப் பெற்றோராகும்போது உற்சாகமாக இருங்கள், மந்தமான பெற்றோரால் பயனில்லை என்கிற மாதிரி? பல வருஷம் கழித்து அதைப் படித்தபோதும் வலித்தது. களைத்துப்போய் வருகிற அப்பாக்களுக்கு அந்த வரியில் இடமில்லை.

பெருவிரல்

குடைநிழல், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடைசிச் செய்தி எனக்கும் கொஞ்சம் உறுத்தும்.

ஆனால் முதல் அத்தியாயங்களில் ஓர் இடம் இருக்கிறது. மனம் வந்தால் திறந்து பாருங்கள். டேனியின் அப்பா வாயால் சிரிக்க மாட்டார். கண்ணால் மட்டும்தான் சிரிப்பார். வேடிக்கையாக ஏதாவது தோன்றினால் கண்ணுக்குள் ஒரு பொறி மின்னும், வாய் அசையாது. அது தனக்குப் பிடிக்கும் என்கிறான் டேனி. வாய்ச் சிரிப்பைப் பொய்யாகச் சிரித்துவிடலாம், கண்ணில் பொய் வராது என்பது அவன் கணக்கு. பார்க்கத் தெரிந்தவனுக்கு மட்டும் தெரிகிற சிரிப்பு.

உங்கள் அப்பாவுக்கும் அப்படி ஒன்று இருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது. பதில் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை.

குடைநிழல்

இருந்தது. நான் சைக்கிள் பழகி முதல் தடவை விழாமல் திரும்பி வந்தபோது வாசலில் நின்றிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. செயினில் எண்ணெய் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ஆனால் முகத்தைப் பார்த்தேன்.

புத்தகத்தை மறுபடியும் எடுக்கிறேன்.

நாமொழி

வாய்விட்டுத் தமிழில் சொல்கிறவர்களுக்கு ஒரு சின்ன உதவிக் குறிப்பு. போலீஸ்காரர் சாம்வேஸ் வரும் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கெல்லாம் முன்னால் ஹகரம் சேர்த்துப் பேசுவார், சேர்க்க வேண்டிய இடத்தில் விட்டுவிடுவார். தன்னைப் படித்தவராகக் காட்டிக்கொள்ளும் முயற்சி அது. நான் என் மகளுக்குச் சொன்னபோது அவரை ‘ஹப்படியா’, ‘ஹென்ன’, ‘ஹிங்கே வா’ என்று பேச வைத்தேன். அவள் ஒரு வாரம் வீட்டில் அப்படியேதான் பேசினாள்.

ஃபெசன்ட்டுக்குத் தமிழ்ப் பெயர் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நீண்ட வாலும் பளபளக்கும் கழுத்தும் உள்ள கோழி இனம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு ஃபெசன்ட் என்றே போய்விடுங்கள்.

கறார்வாசகி

நேற்று ராத்திரி அந்த ஒப்புதல் அத்தியாயத்தை மறுபடி படித்தேன். இரண்டு விஷயம் முதல் வாசிப்பில் என் கண்ணில் படவில்லை என்று ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்று, மனைவி இறந்த பிறகு அவர் காட்டுக்குப் போவதையே நிறுத்தியிருக்கிறார். மகன் தனியாகத் தூங்கும் வயது வரட்டும் என்று ஒன்பது வருஷம் அடக்கி வைத்திருக்கிறார். அவசரக்காரன் செய்கிற காரியம் இல்லை இது.

இரண்டு, டேனி கேட்டதும் அவர் மழுப்பவில்லை. பெரியவர்கள் வழக்கமாகச் சொல்வோமே, உனக்கு இது புரியாது, தூங்கு என்று. அது இல்லை. தான் செய்தது தப்பு என்று சொல்லி, இனி உன்னிடம் சொல்லாமல் போக மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறார். அடுத்த தடவை சொல்லிவிட்டுப் போகிறார். அவர் அன்றைக்குச் சொல்லாமல் போயிருந்தால், இரண்டு பத்துக்கு விழித்த பையனுக்கு எந்தக் காட்டுக்குக் கார் ஓட்டுவது என்றே தெரிந்திருக்காது. குழியில் கிடந்தவரை மீட்டது அந்தச் சொல்தான். பெருவிரல், நீங்கள் காரைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டீர்கள்.

மாத்திரை விஷயத்திலும் தனியாக விட்டுப் போனதிலும் என் கருத்து மாறவில்லை. மகனிடம் மன்னிப்புக் கேட்கத் தெரிந்த அப்பா என்ற அளவில் அவர் மேல் மரியாதை வந்திருக்கிறது.

வேலியோரம்

இதோடு பிரம்படி அத்தியாயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வகுப்பில் கிசுகிசுத்ததற்காகப் பள்ளியில் கேப்டன் லங்காஸ்டர் டேனியின் கையில் பிரம்பால் அடிக்கிறார். தழும்பைப் பார்த்த அப்பா கொதித்துப்போய்ப் புறப்பட, வேண்டாம் என்று தடுப்பது டேனி. மகன் சொல்லை அப்பா கேட்கிறார். தான் பட்ட அடிகளை டால் பிறகு தன் பால்ய நினைவுகளில் விரிவாக எழுதினார். பிரிட்டனின் அரசுப் பள்ளிகளில் அடிக்கும் வழக்கம் 1987இல்தான் சட்டப்படி நின்றது, நாவல் வந்து பன்னிரண்டு வருஷம் கழித்து.

இரவுவாசிப்பு

நேற்று முடித்துவிட்டோம். முதலில் நான் எழுதாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் கணவருக்கு மாதத்தில் பாதி நாள் ராத்திரி ஷிஃப்ட். பையன் தூங்கியபின் கிளம்புவார், அவன் பள்ளிக்குப் போன பிறகுதான் வருவார். அழுவானே என்று இத்தனை நாளும் சொல்லாமல் போவதையே நாங்கள் பழக்கமாக வைத்திருந்தோம். “எழுப்பிச் சொல்லியிருக்கலாம்ல?” என்று அவன் கேட்டது டேனியின் அப்பாவை மட்டும் இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அதனால்தான் விளக்கை அணைத்தேன்.

கறார்வாசகி முதல் நாள் சொன்னபடி, மறுநாள் “ஆமாம்டா, சொல்லியிருக்கணும்” என்றேன். இந்த இழையை என் கணவரிடமும் காட்டினேன். குடைநிழல் எழுதியதை இரண்டு தடவை படித்தார்.

கார் ஓட்டும் அத்தியாயத்தை அவரே விடுப்பு நாளில் வாசித்தார். தமிழில் சொல்லத் தடுமாறினார். போலீஸ் கார் திரும்பும் இடத்தில் நிறுத்தி, அறை விளக்கை அணைத்துவிட்டார். இருட்டில் இரண்டு பேரும் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “போயிடுச்சாப்பா?” என்று ஒரு குரல் வந்தது.

இப்போது ஷிஃப்ட் நாட்களில் அவர் கிளம்பும்போது அவனை எழுப்பிவிட்டுத்தான் போகிறார். முதல் நாள் அழுதான். இரண்டாம் நாள், “எத்தனை மணிக்கு வருவீங்க?” என்று மட்டும் கேட்டான். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு தாளில் முட்களோடு கடிகாரம் வரைந்து ஒட்டியிருக்கிறான், ஒன்பது மணியைக் காட்டுகிறது. நேற்று பஸ் தாமதம் என்று இவர் போன் செய்ததும், பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலும் ரப்பரைத் தேடி எடுத்து, முள்ளை அழித்து ஒன்பதரைக்கு மாற்றி வரைந்துவிட்டுத்தான் போனான்.